காரணம் சொல்லக்கூடிய பெயர்

தண்டலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் என் வயதுக்காரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எத்திராஜ், பாஷ்யம், கேசவன், ராமாநுஜம், ஆண்டாள். இன்னொரு வரிசையும் உண்டு: முனுசாமி, கன்னியப்பன், பொன்னியம்மாள், எல்லம்மாள். முதல் வரிசை ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து வந்தது. இரண்டாவது வரிசை ஏரிக்கரையிலும் ஊர் எல்லையிலும் நிற்கும் சாமிகளிடமிருந்து வந்தது. இன்று அதே ஊர்களில் புதன்கிழமை தடுப்பூசி போட வரும் பிள்ளைகளின் பெயர்கள் வேறு: ரித்விக், தன்விகா, யாழினி, கியாரா, ஆதன், மகிழன், லியான்.

இந்த மாற்றம் முழுவதையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். கிராம சுகாதாரச் செவிலியராக இந்தப் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வருவதற்கு முன்னால் வயல் வரப்பில் நடந்து போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்தேன். ஆலைகள் வந்த பிறகு, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களை வாடகை வீடுகளின் வாசலில் காத்திருந்து பார்த்தேன். எல்லாரும் என்னிடம் ஒருநாள் இல்லை ஒருநாள் கேட்ட கேள்வி, “நர்ஸம்மா, நல்லதா ஒரு பேர் சொல்லுங்களேன்” என்பது.

இன்று பெயர் தேடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் பெண்களுக்கும் இதை எழுதுகிறேன். புதுப் பெயர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பழசைத்தான் வைக்க வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். உங்கள் பிள்ளை வளர்ந்து, ஆறு வயதிலோ அறுபது வயதிலோ, “எனக்கு ஏன் இந்தப் பேரை வெச்சீங்க?” என்று கேட்கும். அப்போது சொல்வதற்கு உண்மையான ஒரு காரணம் உங்களிடம் இருக்க வேண்டும்.

உயிரைக் காக்க வைத்த பெயர்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பதிவேட்டில் அடிக்கடி வந்த பெயர்கள் பிச்சை, குப்பு, குப்பம்மாள், மூக்கன், மூக்கம்மாள், தவிட்டையன். இன்றைய பிள்ளைகள் இந்தப் பெயர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். அவற்றுக்குப் பின்னால் இருப்பது பெற்றவர்களின் கண்ணீர்.

முதலிரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்தது பிறந்தால், அதைக் குப்பை மேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பு என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். சாமியிடம் பிச்சை கேட்டு வாங்கியது என்று பிச்சை என்பார்கள். இது வேண்டாத பிள்ளை, மதிப்பில்லாத பிள்ளை என்று எமனை நம்பவைத்துவிட்டால் அவன் தொடமாட்டான் என்ற நம்பிக்கை. 1971ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தாய் தன் பிள்ளைக்குக் குப்பு என்று பெயர் வைத்தாள் என்றால், அவளிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான்.

2020ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த 129 என்பது 28 ஆகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், 108 ஆம்புலன்ஸ், தாய்ப்பால் பற்றிய விழிப்பு, பெண்கள் படித்தது எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. அதனால்தான் நீங்கள் பிள்ளை பிறப்பதற்கு முன்பே இரண்டு அழகான பெயர்களை எழுதி வைத்துக்கொள்கிறீர்கள், ஆண் பிறந்தால் ஒன்று, பெண் பிறந்தால் ஒன்று. பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை உங்களுக்குக் கிடைத்துவிட்டது. உங்கள் பாட்டிக்கு அது கிடைக்கவில்லை. பெயர்ப் பட்டியலை ஆசையோடு புரட்டும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குச் சொல்ல வைத்த பெயர்கள்

எனக்கு மனம் ஆறாத பெயர்களும் உண்டு. போதும்பொண்ணு, போதுமணி, வேண்டாம். மூன்றாவதும் பெண், நான்காவதும் பெண் என்று பிறந்த வீடுகளில் வைத்தவை. இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பினார்கள்.

நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணியை அடுத்த நாராயணபுரம் கிராமத்தில் ‘வேண்டாம்’ என்ற பெயரோடு வளர்ந்த பெண்களைப் பற்றி 2019இல் செய்தித்தாள்கள் எழுதின. அவர்களில் ஒரு பெண் பொறியியல் படித்து, ஜப்பான் நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் வேலை வாங்கினார். மாவட்ட நிர்வாகம் பெண் குழந்தைகளைக் காக்கும் திட்டத்துக்கு அவரையே முகமாக நிறுத்தியது. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்திலும் இதே கதைதான். ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும் ‘நகுசா’ என்ற பெயரைச் சுமந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் அரசே விழா எடுத்து, அவரவர் விரும்பிய புதுப்பெயரைச் சூட்டியது.

நாராயணபுரத்துப் பெண் தன் படிப்பால் அந்தப் பெயரை வென்றுவிட்டார். ஆனால் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கப்பட்ட ஒவ்வொரு காலையிலும் அந்தப் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள்? பெற்றவர்கள் சாமிக்கு அனுப்ப நினைத்த விண்ணப்பத்தைக் குழந்தையின் நெற்றியில் எழுதிவிட்டார்கள். பெயரின் சொந்தக்காரர் அந்தக் குழந்தை மட்டும்தான். அதைக் கொண்டு சாமியிடமோ மாமியாரிடமோ சாதி சனத்திடமோ நீங்கள் பேசக் கூடாது.

இது பழங்காலத்துப் பாவம் என்று விட்டுவிடாதீர்கள். இன்று யாரும் வேண்டாம் என்று பெயர் வைப்பதில்லை. ஆனால் “எங்க அபார்ட்மென்ட்ல யாருக்கும் இல்லாத பேர்” என்பதற்காகவே நாக்கில் புரளாத ஒன்றைத் தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். 2020இல் ஊரடங்கு நேரத்தில் வட இந்தியாவில் பிறந்த குழந்தைகள் சிலருக்குக் கொரோனா, கோவிட் என்றெல்லாம் பெயர் வைத்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அதுவும் ஊருக்குச் சொல்வதற்காக வைத்ததுதான். அந்தச் செய்தி ஒரு வாரம் ஓடியது. பிள்ளை எண்பது வருடம் வாழ வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் கற்றுத் தரும் பாடம்

பெயர் வைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள நாம் தூரமாகப் போக வேண்டாம். 1017ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த வைணவ ஆசாரியர் இராமாநுசருக்குத் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி இளையாழ்வார் என்று பெயர் வைத்தார். இராமனின் தம்பியான இலக்குவனை நினைத்து வைத்த பெயர். துறவு பூண்டபோது காஞ்சியில் எதிராசர் என்ற பெயர் வந்தது. திருக்கோட்டியூர் நம்பி எம்பெருமானார் என்றார். திருவரங்கத்தில் உடையவர் ஆனார். வேதாந்த சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் என்ற உரையை எழுதியதால் பாஷ்யகாரர் ஆனார். எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருந்த எத்திராஜும், மாடு மேய்த்த பாஷ்யமும் அந்தப் பெயர்களைத்தான் சுமந்தார்கள். சாதி பார்க்காமல் எல்லார் வீட்டிலும் அந்தப் பெயர்கள் புழங்கின. சாதி பாராட்டாதவர் என்று போற்றப்படும் அவரை நினைத்தால் இதுவும் பொருத்தம்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, இராமாநுசர் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த கதை. அவர் குருவாக மதித்த ஆளவந்தார் மறைந்தபோது அவருடைய மூன்று விரல்கள் மடங்கியிருந்தன, நிறைவேறாத மூன்று ஆசைகள் அவை என்று வைணவ குருபரம்பரை சொல்கிறது. வேதாந்த சூத்திரத்துக்கு உரை எழுதுவது ஒன்று. பராசரர், வியாசர் என்ற முனிவர்களின் பெயர் விளங்கச் செய்வது இன்னொன்று. நம்மாழ்வாரின் பெயர் விளங்கச் செய்வது மற்றொன்று. பிற்காலத்தில் தம் சீடர் கூரத்தாழ்வானுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது, ஒன்றுக்குப் பராசர பட்டர், மற்றொன்றுக்கு வேதவியாச பட்டர் என்று இராமாநுசர் பெயர் சூட்டினார். குருவிடம் பட்ட கடனை இரண்டு குழந்தைகளின் பெயரால் தீர்த்தார். அந்தப் பராசர பட்டர் பிறகு பெரிய அறிஞராக வந்தார். தன் பெயருக்கான காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும் அல்லவா?

நீங்கள் கடவுளை நம்பினாலும் நம்பாவிட்டாலும் இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம், எதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறோம் என்பதைப் பெயரில் வைக்கலாம்.

ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுப்பெயர் உண்டு

“இந்தக் காலத்துப் பிள்ளைங்க வாயில நுழையாத பேரா வைக்குதுங்க” என்று அலுத்துக்கொள்ளும் என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு முன்பும் நம் காலத்திலும் புதுப்பெயர்கள் வந்தன. வேதாசலம் என்ற பெயரைத் தனித்தமிழில் மறைமலை என்று மாற்றிக்கொண்டார் மறைமலையடிகள். 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தில் மகன்களின் பெயர்களையும் மணிமொழி, அழகுரு என்று தமிழாக்கினார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அன்று அக்கிரகாரத்திலும் சேரியிலும் இந்தப் பெயர்களைப் புதுமையாகத்தான் பார்த்தார்கள். இன்று கயல்விழி, தமிழ்ச்செல்வன் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

1953 மார்ச் 1ஆம் தேதி பிறந்த மகனுக்கு அய்யாத்துரை என்று பெயர் வைக்க நினைத்திருந்தார் கலைஞர் கருணாநிதி. அய்யா என்றால் பெரியார், துரை என்றால் அண்ணாதுரை. சில நாளில் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்த செய்தி வந்தது. பிள்ளைக்கு ஸ்டாலின் என்று பெயரிட்டார். சேலத்தில் ஓர் இடதுசாரிக் குடும்பம் மூன்று பிள்ளைகளுக்குக் கம்யூனிசம், லெனினிசம், சோசலிசம் என்று பெயர் வைத்தது. 2021 ஜூனில் சோசலிசத்தின் திருமணம் நடந்தபோது நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. 1991இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட பிறகு பிறந்தவர்களில் எத்தனை ராஜீவ்களை எனக்குத் தெரியும்! கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடரை எழுதத் தொடங்கிய பிறகு வானதிகளும் பூங்குழலிகளும் வீட்டுக்கு வீடு வந்தார்கள். அந்தப் பெயர்களை எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் பற்றி அப்பா அம்மாவால் மகனிடமோ மகளிடமோ உட்கார்ந்து சொல்ல முடியும். எனக்கு அது போதும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். நீங்கள் புதுசு என்று நினைப்பது சில சமயம் மிகப் பழசு. பிள்ளைக்கு ஆதன் என்று பெயர் வைத்த ஓர் இளைஞன், “மாடர்னா இருக்கு, நர்ஸம்மா” என்றான். சிவகங்கை மாவட்டம் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறப்பட்ட பெயர்களில் ஆதன் என்பதும் இருக்கிறது. குவிரன், உதிரன் என்பவையும் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் தன் பானையில் எழுதி வைத்த பெயர் இன்று தண்டலத்தில் ஒரு தொட்டிலில் கிடக்கிறது. இதைச் சொன்னபோது அந்தத் தம்பியின் முகத்தில் வந்த பெருமையை நான் மறக்க மாட்டேன். தன் மகனுக்குச் சொல்ல அவனுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

இதேபோல் ஆதிரை என்று பெயர் வைத்த ஒரு பெண்ணிடமும் பேசிக்கொண்டிருந்தேன். ‘மணிமேகலை’யில் அமுதசுரபிக்கு முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. பசித்தவர்க்கெல்லாம் சோறு போட்ட பாத்திரம் அவள் கையால்தான் தொடங்கியது. இராமாநுசர் பிறந்த நட்சத்திரத்தின் பெயரும் ஆதிரைதான். பெயரில் இருக்கும் இத்தனை செல்வமும் தெரியாமல் “கேக்க நல்லா இருக்கு” என்று மட்டும் வைத்திருந்தாள். பெயரை வைத்துவிட்டீர்கள் என்றால், அதைப் பற்றித் தெரிந்துகொள்வதும் உங்கள் பொறுப்பு.

பொருள் எங்கே இருக்கிறது

இப்போது பெயர் தேடுவது முழுக்க போனில்தான். எந்தப் பெயரைத் தட்டினாலும் பொருள் வந்துவிடுகிறது: லட்சுமியின் அம்சம், விஷ்ணுவின் மறுபெயர், ஒளி, வெற்றி, இளவரசி. எந்த மொழியிலும் இல்லாத சொல்லுக்கும் பொருள் போட்டிருக்கிறார்கள். அப்பா பெயரில் ஓர் எழுத்து, அம்மா பெயரில் ஓர் எழுத்து எடுத்துக் கோத்த ஒரு பெயருக்கு ‘சமஸ்கிருதத்தில் தெய்வீகமானவள்’ என்று பொருள் வந்ததை ஒரு தாய் என்னிடமே காட்டினாள். “இது நீயும் உன் வீட்டுக்காரரும் சேர்ந்து செஞ்ச பேர். சமஸ்கிருதம் எங்கேருந்து வந்துச்சு?” என்றேன். அப்படிக் கோத்த பெயரில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. “உன் பெயரில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம்” என்று பிள்ளையிடம் சொல்லலாம், அது அழகான காரணம். ஆனால் பொய்ப் பொருளைச் சொல்லி வளர்க்காதீர்கள். என்றாவது அது உண்மையைத் தெரிந்துகொள்ளும்.

பொருளைச் சரிபார்ப்பது கஷ்டமான வேலை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இன்று இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. யாழ், கவின், ஆதவன், மகிழ் எதைத் தேடினாலும் பொருள் கிடைக்கும். வடமொழிப் பெயரானால் வடமொழி அகராதி இருக்கிறது. அரபிப் பெயரானால் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேளுங்கள், விவிலியப் பெயரானால் சர்ச்சில் பாதிரியாரைக் கேளுங்கள். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த தமிழாசிரியருக்கு ஒரு போன் போட்டால் அவர் சந்தோஷப்படுவார்.

நட்சத்திர எழுத்து என்று ஒன்று இருக்கிறது. வினோதப் பெயர்கள் பல அங்கிருந்துதான் பிறக்கின்றன. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்துகள். அஸ்தத்துக்கு பு, ஷ, ண, ட. திருவாதிரைக்கு கு, க, ங, ச. தமிழில் ண என்ற எழுத்தில் சொல் தொடங்காது. ங-வில் தொடங்கும் பெயரை யாரும் கேட்டதில்லை. அந்த எழுத்து வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு, எதையாவது உருவாக்குகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாமி முன்னால் காதில் ஓதும் பெயர் ஒன்று, பதிவேட்டில் எழுதும் பெயர் ஒன்று என்று வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எழுத்துக்காகக் காதில் ஒன்றை ஓதுங்கள். கூப்பிட நல்ல பெயரை வையுங்கள்.

எண்கணிதம் இதைவிடச் சிக்கல். கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு ஏ, ஒரு ஹெச் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. ஆலைகளில் வேலை பார்க்கும் உங்களுக்குத் தெரியாததா? பி.எஃப். கணக்கில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஓர் எழுத்து ஒத்துவராவிட்டால், உழைத்துச் சேர்த்த பணத்தை எடுக்க எத்தனை முறை அலைய வேண்டியிருக்கிறது! உங்களுக்கு வந்த அந்தத் தொல்லையைப் பிள்ளைக்கும் சொத்தாக எழுதி வைக்காதீர்கள். முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு அந்த ஒலிக்கு ஏற்ற எளிய ஆங்கில எழுத்துகளைத் தேர்ந்தெடுங்கள். எல்லாத் தாளிலும் அதே எழுத்துகள் வரட்டும்.

நம் பக்கத்து ஆலைகளுக்கு வரும் ஜப்பான்காரர்களின் நாட்டிலும் இந்தத் தலைவலி இருந்தது. எழுத்தில் ஒன்று, வாசித்தால் சம்பந்தமே இல்லாத வேறொன்று என்று பளபளப்பான பெயர்களைப் பெற்றோர் வைக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர்களும் மருத்துவமனைக்காரர்களும் குழம்பினார்கள். 2025 மே 26 முதல் அங்கே பெயரின் உச்சரிப்பையும் குடும்பப் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுத்துக்குப் பொருந்தாத வாசிப்பை அனுமதிக்க முடியாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் பெற்றவர்களின் நிதானம்தான் சட்டம்.

தள்ளிப்போடாதீர்கள்

குழந்தை பிறந்ததும் அதன் கையில் கட்டும் பட்டையில் ‘பேபி ஆஃப்’ என்று போட்டு அம்மா பெயரை எழுதுவார்கள். தடுப்பூசி அட்டையிலும் அப்படித்தான். ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்கு வரும்போதும் அட்டையில் ‘பேபி ஆஃப்’ என்றே இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல பெயர் அமையவில்லை என்பார்கள். இல்லாவிட்டால் இரண்டு வீட்டுக்கும் சண்டை என்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயரில்லாமலும் பதியலாம். ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஒருமுறை எழுதிய பெயரை மாற்றுவது எளிதல்ல. அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அவ்வளவு முக்கியமான தாளில் பெயர் இருக்கும் இடத்தைக் காலியாக விடலாமா?

கேரளத்தில் பிரிந்து வாழ்ந்த ஒரு கணவனும் மனைவியும் பிள்ளையின் பெயரில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பெயரில்லாத சான்றிதழைப் பள்ளி ஏற்கவில்லை. 2023 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றமே பெற்றோர் இடத்தில் நின்று, அம்மா விரும்பிய பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுத்திருந்தால் ஒரு பிள்ளையின் பெயர் நீதிமன்றம் வரை போயிருக்காது.

தாத்தா பாட்டிகளே, உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் மாமனார் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பச்சை உடம்புக்காரியின் கட்டிலருகே நின்று சண்டை போடாதீர்கள். பிரசவித்த பெண்ணுக்கு அழுகை வந்தால் அந்த வீட்டில் எதுவும் நன்றாக நடக்காது. உங்களுக்குப் பிடித்த பெயரைச் செல்லமாகக் கூப்பிடுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்? பெற்றவர்களே, நீங்களும் பெரியவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். “அந்தத் தாத்தா எப்படிப்பட்டவர்?” என்று கேளுங்கள். கதை கேட்ட பிறகு அந்தப் பெயரிலிருந்து ஓர் எழுத்தோ ஒரு சொல்லோ எடுக்க உங்களுக்கே மனம் வரலாம்.

தண்டலம் பக்கத்தில் வாடகைக்கு இருந்த ஒடிசாப் பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். கணவனுக்கு இரவு ஷிப்ட். பேச மொழி தெரியாது. பிரசவ வலி கண்ட இரவில் வீட்டுக்கார அம்மாதான் ஆம்புலன்ஸில் கூடப் போனார், பத்தியச் சாப்பாடு வடித்துக் கொடுத்தார். இருபத்தோராம் நாள் பெயர் வைக்கும் சடங்கு அவர்கள் வழக்கம். அன்று அந்தப் பெண் தன் மகளுக்குக் காமாட்சி என்று பெயர் வைத்தாள். அது வீட்டுக்கார அம்மாவின் பெயர். ஊரிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு அந்தப் பெயரைச் சொல்லவே நாக்கு வரவில்லை. காரணத்தைக் கேட்டபின் அவரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார். எத்தனையோ பெயர் சூட்டு விழா பார்த்தவள் நான். அதைவிடச் சிறந்த காரணத்தைக் கேட்டதில்லை.

கடைசியாக, நீங்கள் உடனே செய்ய வேண்டியவை. மனதில் இருக்கும் பெயரைத் தெருமுனையிலிருந்து பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் உரக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஒடிசாக்காரரையும் ஊரிலிருக்கும் அப்பத்தாவையும் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் கேலிக்கு இடம் கொடுக்குமா என்று யோசியுங்கள். ஐம்பது வயதில் ஒரு மேலாளரோ டாக்டரோ பஞ்சாயத்துத் தலைவரோ அந்தப் பெயரோடு நாற்காலியில் உட்கார முடியுமா என்று பாருங்கள். பொருளை அகராதியில் சரிபாருங்கள். ஓராண்டுக்குள் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். பிறகு, அந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை நாலு வரியில் உங்கள் கையெழுத்திலேயே எழுதி, தேதி போட்டு, தடுப்பூசி அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்ததும் அதன் கையில் கொடுங்கள்.